வீடே அச்சகம்: ஜப்பானியப் புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் குறித்த ஓர் ஆய்வு

வீட்டில் வாழ்த்து அட்டை செய்வதென்றால் வண்ணத்தாள், கத்தரிக்கோல், பசை, சம்கி என்றுதான் நமக்குத் தோன்றும். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்கும் வழி அது, அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடுகிறோம். கைவினை நூல்களும் செய்முறையோடு நின்றுவிடுகின்றன. எங்கே மடிக்க வேண்டும், எதை எதன்மேல் ஒட்ட வேண்டும் என்று சொல்லித் தருகின்றன. ஒரு சமூகம் முழுவதும் ஏன் ஒரு காலத்தில் அட்டை செய்யத் தொடங்குகிறது, ஏன் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறது என்ற கேள்வி அவற்றில் எழுவதில்லை.

இந்தக் கேள்வியை ஆராய ஜப்பானைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. நெங்காஜோ எனப்படும் புத்தாண்டு வாழ்த்து அட்டையை அங்கே பல தலைமுறைகள் வீட்டிலேயே வரைந்தும், செதுக்கியும், அச்சடித்தும் அனுப்பி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. கைவினை அட்டையைத் தாங்கி நிறுத்தியவை தபால் துறை, பள்ளிக்கூடம், மலிவான கருவி ஆகிய மூன்று பொதுத் தூண்கள். அட்டையிலிருந்து கைவேலை விலகிய பிறகுதான் அட்டையே சரியத் தொடங்கியது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

தபால் திறந்த வழி

ஜப்பானில் புத்தாண்டின் முதல் நாள்களில் பெரியவர்கள், உறவினர்கள், தொழில்முறையில் வேண்டியவர்கள் ஆகியோரின் வீடு தேடிச் சென்று வணங்கிவிட்டு வருவது பழைய மரபு. நேரில் போக முடியாத தொலைவில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மாயேஜிமா ஹிசோகாவின் முயற்சியால் 1871-இல் நவீன தபால் முறை அங்கே தொடங்கியது. 1873 ஜனவரி முதல் நாளில் நாடு கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் தபால் அட்டையும் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே புத்தாண்டு நாள், யாரும் வாங்கக்கூடிய விலையில் ஓர் அட்டை. வாழ்த்து மரபு தபாலில் ஏறிக்கொள்ள இவை போதுமானவையாக இருந்தன. இந்தியாவில் கால் அணாத் தபால் அட்டை 1879-இல்தான் வந்தது என்பதை ஒப்புநோக்கலாம்.

விரைவிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. தம் அட்டையில் ஜனவரி 1 என்ற முத்திரை விழ வேண்டும் என்று எல்லோரும் விரும்பியதால், ஆண்டு திரும்பும் நேரத்தில் தபால் நிலையங்கள் திணறின. 1899-இல் துறை இதற்கு ஒரு வழி கண்டது. டிசம்பரிலேயே அட்டைகளைப் பெற்று, ஜனவரி 1 முத்திரை குத்தி வைத்திருந்து, புத்தாண்டுக் காலையில் பட்டுவாடா செய்வதே அந்த ஏற்பாடு. இன்றும் டிசம்பர் 15 முதல் 25-க்குள் போட்டுவிட்டால் அட்டை புத்தாண்டு நாளில் வீடு சேர்ந்துவிடும். அந்த நாள்களில் அட்டைகளைப் பிரித்து அடுக்க மாணவர்களைத் தற்காலிக வேலைக்கு அமர்த்துவதும் வழக்கமாகிவிட்டது.

1900-இல் வந்த இன்னொரு விதி, கைவினைக்கு நேரடியாகவே கதவைத் திறந்தது. அதுவரை அரசு வெளியிட்ட அட்டையைத்தான் தபாலில் சேர்க்க முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து தனியாரும் தம் விருப்பப்படி அட்டை செய்து, தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்றானது. படத் தபால் அட்டைகளின் பெருக்கம் அதிலிருந்து தொடங்குகிறது.

போர்க்காலத்தில், 1940-இல், இந்தச் சிறப்புச் சேவை நிறுத்தப்பட்டு 1948-இல் மீண்டும் வந்தது. போரில் வீடுகள் எரிந்து, மனிதர்கள் சிதறி, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே தெரியாதிருந்த காலம் அது. வாழ்த்து அட்டை மறுபடி புழக்கத்துக்கு வந்தால் அறுந்த தொடர்புகள் மீண்டும் முடிச்சுப்படும் என்று எண்ணினார் ஒசாகாவைச் சேர்ந்த வணிகர் ஹாயாஷி மசாஜி. பரிசுக் குலுக்கல் எண் அச்சிட்ட அட்டையின் மாதிரியைத் தாமே தயாரித்துக்கொண்டு போய் அமைச்சகத்திடம் காட்டினார். 1949 இறுதியில், 1950 புத்தாண்டுக்காக, அத்தகைய அட்டைகள் வெளியாயின. விலை 2 யென். 1 யென் நன்கொடை சேர்த்த வகையும் உண்டு. முதல் குலுக்கலின் பெரும்பரிசு தையல் இயந்திரம். அதற்கு அடுத்தபடியாகக் கம்பளித் துணி, பள்ளிப் பிள்ளைகளுக்கான குடை போன்றவை இருந்தன. அந்த வறுமையில் ஒரு குடும்பத்துக்கு எது தேவையோ அதுவே பரிசானது.

இந்தத் திட்டத்தின் அழகு, பரிசு அட்டையைப் பெற்றவருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. அனுப்புகிறவர் தம் வாழ்த்தோடு ஒரு வாய்ப்பையும் சேர்த்துக் கொடுக்கிறார். குலுக்கல் ஜனவரி நடுவில்தான் நடக்கும் என்பதால், வந்த அட்டைகளை அதுவரை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எண்ணைச் சரிபார்க்கும் சாக்கில் ஒவ்வோர் அட்டையையும் இன்னொரு முறை கையிலெடுத்துப் பார்க்கிறார்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்து, அடுத்த டிசம்பரில் முகவரி பார்க்க மறுபடி அவிழ்க்கிறார்கள். இத்தனை முறை கைக்கு வரும் ஓர் அட்டையை அழகாகச் செய்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

துக்கத்துக்கும் இந்த மரபில் இடம் உண்டு. அந்த ஆண்டில் இறப்பு நேர்ந்த வீட்டார், இம்முறை எங்களால் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப இயலாது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே ஓர் அட்டை எழுதித் தெரிவித்துவிடுவார்கள். அது கிடைத்தவர்களும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்புவதில்லை. இறப்பு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு பொங்கல் இல்லை என்று வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

செதுக்கக் கற்ற தலைமுறை

தபால் வழியைத் திறந்தது. கையைப் பழக்கியதில் கலைஞர்களுக்கும் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு.

ஜப்பானின் பழைய மரச்செதுக்கு அச்சில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சடிப்பவர் மற்றொருவர். 1904-இல் யாமாமோட்டோ கானாயே ஒரு மீனவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சடித்து வெளியிட்டார். மூன்று வேலையும் ஒரே கைக்கு வந்த அந்த முறை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. இவ்வகைக் கலைஞர்களுக்குப் புத்தாண்டு அட்டை பிடித்தமான வடிவம். குழந்தைகளுக்கான ஓவியங்களை வரைந்த டாக்கேய் டாக்கேயோ 1935-இல் ஒரு பரிமாற்றக் குழுவைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கையால் செதுக்கி அச்சடித்த புத்தாண்டு அட்டையை மற்ற எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பரிமாற்றம் 1950களின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது.

கலைஞர்களிடமிருந்த இந்தப் பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது பள்ளி. யாமாமோட்டோவே 1919-இல், மாதிரிப் படத்தைப் பார்த்து நகலெடுப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் தாம் காண்பதை வரைய வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியவர். போருக்குப் பின், சீனாவின் மரச்செதுக்கு இயக்கத்தால் ஊக்கம் பெற்ற ஆசிரியர்கள் பள்ளிகளில் அச்சுக்கலையைப் பரப்பினார்கள். ஓட்டா கோஷி அந்த ஆசிரியர்களை ஒன்றிணைத்து 1951-இல் ஒரு கழகம் கண்டார். அதன் பயனாகச் செதுக்குளிப் பெட்டி பள்ளிப் பிள்ளைகளின் பையில் இடம்பிடித்தது. பெரியவர்களாகி டிசம்பர் மாதத்தில் அட்டை செய்ய உட்கார்ந்தபோது, இவர்களில் பலருக்கு உளி பிடிக்கத் தெரிந்திருந்தது.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அட்டையின் அளவு 100 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு மெல்லிய ஒட்டுப்பலகையை எடுத்துக்கொள்கிறார்கள். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பலகையில் படியெடுக்கிறார்கள். கவிழ்க்க மறந்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறி விழும். கோடுகளின் ஓரத்தை முனை கூரான உளியாலும், வெற்றிடங்களை வளைந்த உளியாலும் எடுக்கிறார்கள். எது வெள்ளையாக வர வேண்டுமோ அதைத்தான் செதுக்கி நீக்க வேண்டும். மையைத் தூரிகையால் தடவி, அட்டையைப் பலகைமேல் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறத்தை வட்டமாகத் தேய்க்கிறார்கள். இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் இரண்டாவது பலகை. இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழப் பலகையின் மூலையில் ஒரு சிறு காடி வெட்டிக்கொள்வது மரபு. நூறு பேருக்கு இரண்டு நிறத்தில் அட்டை என்றால் இருநூறு முறை தேய்க்க வேண்டும். ஈரம் உலரும்வரை வீட்டுத் தரையில் நடக்க இடம் இருக்காது.

இவ்வளவு பாடுபட இயலாதவர்களுக்குக் கிழங்கு இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ உருளைக்கிழங்கையோ குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் உருவத்தைச் செதுக்கி, நீர்ச்சாயத்தில் ஒற்றி அட்டையில் பதிப்பார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து சாயத்தில் தோய்த்துப் பூப் பதித்த பள்ளிப்பருவம் நம்மில் பலருக்கும் உண்டு, அதே வேலைதான் இது. பின்னாளில் பென்சில் அழிக்கும் ரப்பரைச் செதுக்கும் வழக்கமும் பரவியது. கிழங்கு ஓரிரு நாளில் வாடிவிடும், ரப்பர் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

என்ன வரைவது என்று திகைக்கவும் தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கு உண்டு. 2024 டிராகன், 2025 பாம்பு, 2026 குதிரை. கருப்பொருள் முன்கூட்டியே கையில் இருக்கிறது, அதைத் தன் கை எப்படிச் சொல்கிறது என்பதே ஒவ்வொருவருக்கும் சவால். அளவு சிறியது, நிறம் இரண்டு, பொருள் ஒன்று, கெடு நாள் ஒன்று. இந்தக் கட்டுகளே சாதாரண மனிதர்களுக்குத் துணிவு கொடுத்தன என்று நான் கருதுகிறேன். வெற்றுத்தாளைக் கொடுத்து எதை வேண்டுமானாலும் வரை என்று சொல்லியிருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் ஓர் அச்சகம்

மூன்றாவது தூண் கருவி. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. எடிசனின் மிமியோகிராஃபை ஒட்டி, 1894-இல் ஹொரி ஷின்ஜிரோ ஒரு படியெடுக்கும் கருவியை ஜப்பானில் உருவாக்கினார். அரம்போல் சொரசொரப்பான எஃகுத் தகட்டின்மேல் மெழுகுத்தாளை விரித்து, இரும்பு எழுத்தாணியால் எழுத வேண்டும். எழுத்தாணி போன இடங்களில் மெழுகு விலகும். அந்த நுண்துளைகள் வழியே மை இறங்கித் தாளில் படியும். சைக்ளோஸ்டைல் என்று நாம் அறிந்த முறைதான். நம் ஊரின் பள்ளி வினாத்தாள்களும் சங்கத் துண்டறிக்கைகளும் சிறுபத்திரிகைகளும் அதில் வெளிவந்ததுபோல, ஜப்பானின் பள்ளிகளும் சங்கங்களும் பல பத்தாண்டுகள் அதை நம்பியிருந்தன.

இத்தகைய அச்சுவேலைக் கடையாக 1946-இல் ஹாயாமா நொபோரு தொடங்கிய தொழிலே பிறகு ரிசோ ககாகு என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1977-இல் அந்த நிறுவனம் பிரிண்ட் கொக்கோ என்ற வீட்டு அச்சுக்கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மேசைமேல் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி, மேலே கீல் வைத்த மூடி, உள்ளே ஒரு மெத்தை. பெரிய மின் இணைப்பு எதுவும் தேவையில்லை, சிறு பேட்டரிகளே போதும்.

அது வேலை செய்யும் விதம் நுட்பமானது. கரி கலந்த மையால் தாளில் படம் வரைந்து மெத்தைமேல் வைக்க வேண்டும். மூடியில் அச்சுத்திரையைப் பொருத்த வேண்டும். திரை என்பது மெல்லிய வலைத்துணியின்மேல் ஒட்டிய, சூட்டில் உருகும் பிளாஸ்டிக் படலம். அதற்கு மேல் பழைய கேமராக்களில் இருந்ததுபோன்ற, ஒருமுறை மட்டுமே எரியும் இரண்டு பளிச்சொளி பல்புகள். மூடியை அழுத்தியதும் பல்புகள் ஒரே நேரத்தில் பளீரென்று எரியும். கரி வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளைத்தாள் உறிஞ்சாது. ஆகவே கோடு இருக்கும் இடத்தில் மட்டும் படலம் உருகித் துளை விழும். உளியைத் தொடாமல் ஒரு நொடியில் அச்சுத்தகடு தயாராகிவிடும்.

அடுத்தது மை. குழாயிலிருந்து பற்பசை பிதுக்குவதுபோல் மையைத் திரைமேல் நேரடியாகப் பிதுக்குகிறார்கள். கூரைக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை என்று ஒரே திரையில் பல நிறங்களை வைக்கலாம். ஒன்றோடொன்று கலக்காமலிருக்க இடையில் நுரைப் பட்டையால் சிறு வரப்பு கட்டுவார்கள். பிறகு ஓர் அட்டையை வைத்து ஓர் அழுத்து, அதை எடுத்துவிட்டு அடுத்த அட்டை. ஒருவர் வைக்க, ஒருவர் அழுத்த, ஒருவர் எடுத்து உலர்த்த என்று வீட்டார் அனைவருக்கும் வேலை இருந்தது. தொடக்கத்தில் மை தடித்து விழும், முடிவில் மங்கும், வரப்பு கட்டிய ஓரத்தில் இரு நிறங்கள் கசிந்து கலக்கும். ஆகவே நூறு அட்டையில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

இந்தக் கருவி 1 கோடிக்கும் மேல் விற்றது. 1990-இல் ஜப்பானில் இருந்த குடும்பங்கள் சுமார் 4 கோடி என்பதோடு பொருத்திப் பார்த்தால் அதன் வீச்சு புரியும்.

இதனோடு ஒப்பிட, அமெரிக்காவின் முந்தைய அனுபவத்தையும் பார்ப்பது பயனுள்ளது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், எழுதுபொருள் கடைக்காரரின் மகளான எஸ்தர் ஹவ்லண்ட் 1840களின் இறுதியில் காகித லேஸ், வண்ணத்தாள், ஒட்டுப்படம் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிக் காதலர் தின அட்டைகளைச் செய்தார். மாதிரிகளை எடுத்துச் சென்ற சகோதரர் 200 டாலருக்கு ஆர்டர் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தார் அவர். வந்ததோ 5,000 டாலருக்கு மேல். வீட்டு மாடியில் தோழிகளை வரிசையாக உட்கார வைத்து, ஒருவர் வெட்ட, அடுத்தவர் ஒட்ட என்று வேலையைப் பங்கிட்டார். அழகிய அட்டைகள் பிறந்தன. ஆனால் அங்கே கைவேலை தொழிலாக மாறியது, அனுப்புகிறவர் வாங்குபவராக நின்றுவிட்டார். பலருக்காகச் சிலர் செய்தது வூஸ்டரின் முறை. ஜப்பானிலோ கருவியே வீட்டுக்குள் வந்து, அனுப்புகிறவரின் கையிலேயே வேலையை விட்டுவைத்தது.

முதலில் போனது கைவேலை

புத்தாண்டு அட்டையின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 2003-இல். 2004 புத்தாண்டுக்காகத் தபால் துறை சுமார் 446 கோடி அட்டைகளை வெளியிட்டது. அன்றைய மக்கள்தொகையில் தலைக்கு ஏறத்தாழ 35 அட்டை. 2025 புத்தாண்டுக்கு முதலில் வெளியிட்டது சுமார் 107 கோடி. இருபதாண்டில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

கைபேசியும் மின்னஞ்சலும் வந்தன, அட்டை போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதில் உண்மை உண்டு. முதியோர் பெருகியதும், 2005-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முகவரிப் பட்டியல்களைப் பகிர்வது குறைந்ததும், 2024 அக்டோபரில் அட்டை விலை 63 யெனிலிருந்து 85 யெனுக்கு உயர்ந்ததும் காரணங்களே. அடுத்த ஆண்டு முதல் வாழ்த்து அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறேன் என்று கடைசி அட்டையில் எழுதித் தெரிவிக்கும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது.

ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பிரிண்ட் கொக்கோவின் விற்பனை 1980களின் பிற்பகுதியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. 1990களில் கணினியும் இங்க்ஜெட் பிரிண்டரும் வீட்டுக்குள் நுழைந்தன. டிராகன், குதிரை, பைன் மரம் என ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிய குறுந்தகடுகளோடு நூல்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் புத்தகக் கடைகளில் குவிந்தன. முகவரியையும் மென்பொருளே அச்சடித்தது. வேலை எளிதானதால் அட்டைகள் இன்னும் பெருகி 2003-இல் உச்சிக்குப் போயின. அந்த உச்சியில் அனுப்பப்பட்ட எத்தனையோ அட்டைகளில் அனுப்பியவரின் கை பட்ட தடமே இல்லை. பிரிண்ட் கொக்கோவின் விற்பனை 2008-இல் நின்றது. அதற்கான மை, பல்பு முதலியவற்றின் விற்பனையும் 2012 இறுதியில் முடிந்தது.

ஆக, முதலில் போனது கைவேலை, பிறகு போனது அட்டை. குறுந்தகட்டிலிருந்து எடுத்த குதிரைப் படத்துக்கும் கைபேசியில் வரும் குதிரைப் படத்துக்கும் வேறுபாடு அதிகம் இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்ததும் யாருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை. கசிந்த மையோடு வந்த அட்டைக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. எல்லோரும் கையால்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அச்சகத்தில் கொடுத்து அடித்துக்கொண்டவர்களும், குடும்பப் படத்தைப் புகைப்பட நிலையத்தில் அட்டையாக்கிக்கொண்டவர்களும் எக்காலத்திலும் இருந்தார்கள். ஆனால் மரபுக்கு மதிப்பைத் தந்தவை கை பட்ட அட்டைகள். அவை குறைந்ததும் மரபின் உயிர்நிலை ஆட்டம் கண்டது.

நமக்கான பாடம்

பொங்கல் வாழ்த்து அட்டைகள் தமிழ்நாட்டில் ஏன் அவ்வளவு வேகமாக மறைந்தன என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மார்கழி பிறந்தால் எழுதுபொருள் கடை வாசல்களில் கொடி கட்டி அட்டைகளைத் தொங்க விடுவார்கள். நடிகர்கள், தலைவர்கள், தெய்வங்கள், கரும்பும் பானையும், சூரியனும் உழவரும் அவற்றில் இருந்தார்கள். ஆசையோடு பொறுக்கி வாங்கினோம், கட்டுக் கட்டாக அனுப்பினோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அச்சகத்தில் பிறந்தவை. நம் கையின் பங்கு முகவரியோடும் கையெழுத்தோடும் நின்றது. பள்ளியில் தாள் மடித்துச் செய்த அட்டைகள் பக்கத்து இருக்கைத் தோழருக்குப் போயின, தபாலில் ஏறியவை சொற்பம். வீட்டு அச்சு என்ற மரபு நம்மிடம் வேர்விடுவதற்குள் கைபேசி வந்துவிட்டது.

ஜப்பானைத் தாங்கிய மூன்று தூண்களில் இரண்டு நம்மிடம் இப்போதும் நிற்கின்றன. இந்தியத் தபால் துறை இன்றும் சின்னஞ்சிறு ஊர்வரை போகிறது. பள்ளிகளில் ஓவிய வகுப்பு இருக்கிறது. கருவிக்கும் பெரிய செலவில்லை. ஓர் உருளைக்கிழங்கு, ஒரு சிறு கத்தி, கொஞ்சம் நீர்ச்சாயம் போதும். விலங்குச் சுழற்சி இல்லாவிட்டால் என்ன, பொங்கலுக்கு நெற்கதிர் இருக்கிறது, காளை இருக்கிறது, கோலத்தின் புள்ளிகள் இருக்கின்றன. கிழங்கில் செதுக்குவதற்குப் புள்ளிக் கோலத்தைவிட ஏற்ற வடிவம் எது?

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை அட்டை செய்யச் சொல்லுங்கள். செய்ததை வாங்கி மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் வேறு ஊரிலிருக்கும் ஒரு தாத்தாவுக்கோ அத்தைக்கோ முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, தானே பெட்டியில் போட வேண்டும். பெறுகிறவர்கள் பதில் அட்டை போட வேண்டும். செய்வது பாதி வேலை, அனுப்புவதும் பதில் வருவதும்தான் மீதிப் பாதி. அந்தச் சுற்று முழுமையாகும் இடத்தில்தான் கைவினை ஒரு சமூகப் பழக்கமாகும்.

தாங்கும் அமைப்புகள் இருந்தால் உளியே தொடாதவரும் அட்டை செய்வார் என்பதற்கு ஜப்பானின் நூறாண்டு அனுபவம் சான்று. கைவேலையை எடுத்துவிட்டால் 446 கோடி அட்டைகூட நிலைக்காது என்பதற்கும் அதுவே சான்று.